மன்னிப்பும் தண்டனையும் சிகிச்சை ஆகா

கணவனின் செல்போனில் மறைத்து வைத்திருந்த செயலிகளோ, வங்கிக் கணக்கில் கணக்குக் காட்ட முடியாத செலவுகளோ வெளிச்சத்துக்கு வரும்போது, நம் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யச் சொல்லி மன்னித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் இரு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசி, அவமானப்படுத்தி, பிரித்து வைக்கிறார்கள். சபலத்தால் ஒருமுறை தவறியவருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று போதுமானதாக இருக்கலாம். ஆனால் நிறுத்த வேண்டும் என்று தானே பலமுறை முயன்றும் நிறுத்த முடியாமல் வேலை, பணம், உறக்கம், உறவு என ஒவ்வொன்றாக இழந்துகொண்டிருப்பவருக்கு இரண்டுமே பயன்படுவதில்லை. சத்தியம் சில வாரங்களில் உடைகிறது. அவமானமோ அதே நடத்தையை இன்னும் ரகசியமாகத் தொடர வைக்கிறது. கட்டுப்பாட்டை மீறிய பாலியல் நடத்தையை மனநலச் சிக்கலாக ஏற்று, தகுதி பெற்ற நிபுணரிடம் கொண்டுசெல்வதே குடும்பங்கள் எடுக்க வேண்டிய முதல் முடிவு. அதற்கான வாசலை அரசு மருத்துவமனைகளில் திறந்து வைப்பது அரசின் கடமை.

இந்தச் சிக்கலே மேலைநாட்டு நடிகர்கள் மாட்டிக்கொண்டபோது கண்டுபிடித்த சாக்கு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 என்ற சர்வதேச நோய் வகைப்பாட்டில், கட்டுப்படுத்த முடியாத பாலியல் நடத்தைக் கோளாறு தனி நோயாகவே இடம்பெற்றுள்ளது. அதன் வரையறை கறாரானது. தீவிரமான உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத நிலை ஆறு மாதங்களோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும். உடல்நலம், குடும்பம், பணி ஆகியவற்றில் ஒன்றையாவது அது கடுமையாகப் பாதிக்க வேண்டும், அல்லது ஆழ்ந்த துயரத்தைத் தர வேண்டும். ஒருவருக்கு ஆசை அதிகம் என்பது நோய் ஆகாது. தன் செயல் ஒழுக்கத்துக்கு விரோதமானது என்ற குற்றவுணர்வு மட்டும் இருந்தாலும் அது நோய் ஆகாது என்று அந்த வகைப்பாடே சொல்கிறது. இதைப் போதைக்கு அடிமையாவதைப் போன்றதாகக் கருதுவதா, உந்துதலை அடக்க முடியாத கோளாறாகக் கருதுவதா என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இதையொத்த ஒரு வகையை 2013-இல் வெளியான தன் கையேட்டில் சேர்க்கும் யோசனையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் பிரிவில் இதை வைத்துள்ளது. விவாதம் இதைத் தனி நோயாக வகைப்படுத்துவதா, எந்தப் பிரிவில் வைப்பது என்பதைப் பற்றியது. இப்படி அவதிப்படுபவர்களுக்கு உதவி தேவை என்பதில் பெரிய மாற்றுக் கருத்து இல்லை.

உதவி கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. 42 நாடுகளில் 82,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தி 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 5 விழுக்காட்டினர் இந்தக் கோளாறுக்கான ஆபத்து அதிகமுள்ளவர்களாகத் தெரியவந்தார்கள். இணையவழியில் தாமாக முன்வந்து பதில் அளித்தவர்களின் கணக்கு இது. எனவே இதை நோய் உறுதியானவர்களின் எண்ணிக்கையாகக் கொள்ளக் கூடாது. பெண்களும் இதில் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும். இது ஆண்களின் சிக்கல் மட்டுமே அல்ல. ஆபத்து அதிகமுள்ளவர்களில் எப்போதாவது சிகிச்சையை நாடியவர்கள் 14 விழுக்காட்டினர்தான். இந்தியாவின் நிலையை ஊகிக்க வேறொரு கணக்கு உதவும். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மதுப்பழக்கக் கோளாறு உள்ளவர்களில் 86 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை. குடிப்பழக்கம் வீட்டிலும் தெருவிலும் வெளிப்படையாகப் பேசப்படுவது. மறுவாழ்வு மையங்களும் பல ஊர்களில் உண்டு. அதிலேயே இந்த நிலை என்றால், மனைவியிடமும் மருத்துவரிடமும் வாய்திறந்து சொல்ல முடியாத ஒரு கோளாறில் சிகிச்சை பெறுவோர் எத்தனை பேர் இருக்க முடியும்?

நிபுணர்கள் இல்லாத இடத்தைப் போலிகள் நிரப்பியிருக்கிறார்கள். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களிலும் பின்னிரவுத் தொலைக்காட்சியிலும் ‘ஆண்மைக் குறைவு’, ‘நரம்புத் தளர்ச்சி’, ‘இளமையில் செய்த தவறு’ என்று மிரட்டும் விளம்பரங்களை அறியாத தமிழர் இல்லை. குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்ற அறிவிப்பைப் பார்த்து, ஊரார் கண்ணில் படாமல் போய்வருகிறார்கள் இளைஞர்கள். விந்து வெளியேறினால் உடல் அழிந்துவிடும் என்ற அச்சத்தையே ஒரு மனநலச் சிக்கலாக இனங்கண்டு 1960-இல் பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என். என். விக். அந்த அச்சத்தைப் போக்க வேண்டியது மருத்துவம். அதை முதலாக்கிப் பணம் பார்க்கிறது இந்த வியாபாரம். பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் தடை செய்கிறது. எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த விளம்பரங்கள் சுவரில் இருக்கின்றன என்றால், சட்டத்தை நடைமுறைப்படுத்த வேண்டியவர்கள் கடமையைச் செய்யவில்லை என்றே பொருள். நோயே இல்லாதவர் லேகியத்துக்குக் கடன் வாங்குகிறார். உண்மையில் உதவி தேவைப்படுபவர் அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தன் சிக்கலுக்கு நாகரிகமான மருத்துவமே கிடையாது என்று முடிவுகட்டிக்கொள்கிறார்.

தகுதி பெற்ற மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ செய்வது முற்றிலும் வேறு வேலை. முதல் சந்திப்பிலேயே அவர் தீர்ப்புச் சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். எப்போது தொடங்கியது, எந்த மனநிலையில் உந்துதல் எழுகிறது, அதற்குமுன் தூக்கம் எப்படி இருந்தது, குடிப்பழக்கம் உண்டா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்று விசாரிக்கிறார். மாத்திரையைப் பற்றிய கேள்வி வெறும் சடங்கு அல்ல. பார்க்கின்சன் நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலருக்குக் கட்டுக்கடங்காத பாலியல் உந்துதலைப் பக்கவிளைவாக உண்டாக்குகின்றன. அறுபது வயதுவரை கண்ணியமாக வாழ்ந்த ஒருவர் திடீரென மாறினால், வீட்டார் காறி உமிழ்வார்கள். மருத்துவர் மருந்தின் அளவை மாற்றுவார். இருமுனைக் கோளாறின் எழுச்சிக் கட்டத்திலும் இதே அறிகுறி தோன்றக்கூடும். இவை எதுவும் இல்லை என்று தெளிந்த பிறகே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தொடங்குகிறது. எந்த நேரம், எந்தத் தனிமை, எந்த ஏமாற்றம் தன்னை அந்தப் பக்கம் தள்ளுகிறது என்று சிகிச்சை பெறுபவர் குறித்து வருகிறார். அந்தத் தருணத்தைக் கடக்க மாற்று வழிகளைப் பழகுகிறார். தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான சில மருந்துகளோ நால்ட்ரெக்சோனோ தரப்படுகின்றன. இந்தச் சிகிச்சைகளுக்கான ஆய்வுச் சான்றுகள் இன்னும் வளர்ந்துவருபவைதான். முழுமையான குணத்துக்கு உத்தரவாதம் தரும் நிபுணரை நம்ப வேண்டாம். ஆனால் சத்தியத்துக்கும் லேகியத்துக்கும் இந்த அளவு சான்றுகூட இல்லை.

நோய் என்று பெயரிட்டால் தவறு செய்தவர் தப்பித்துவிடுவாரே என்ற எதிர்ப்பு நியாயமானது. அதற்கு நேரான பதில் தேவை. நோயைக் கண்டறிவது செய்த துரோகத்தை ரத்து செய்யாது. மதுவுக்கு அடிமையானவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஓர் உயிரைப் பறித்தால் சட்டம் அவரை விடுவதில்லை. இங்கும் அதே அளவுகோல்தான். மற்றவரின் சம்மதம் இல்லாமல் நடந்த எதையும் நோய் நியாயப்படுத்தாது. அதற்கு இடம் காவல் நிலையமும் நீதிமன்றமும்தான். குழந்தைகள் சம்பந்தப்பட்டிருந்தால், அதை அறிந்தவர் எவரும் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். சிகிச்சை தருபவருக்கும் அதில் விலக்கு இல்லை. சொல்லப்போனால், சிகிச்சைதான் பொறுப்பை உண்மையில் சுமக்க வைக்கிறது. ‘இனி செய்ய மாட்டேன்’ என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். வாரந்தோறும் ஒருவர் முன் அமர்ந்து, செய்ததை மறைக்காமல் சொல்லி, பழக்கங்களை மாற்றிக் காட்டுவதற்கு மாதங்கள் ஆகும். தப்பிக்க நினைப்பவருக்கு இது வசதியான வழி அல்ல.

இந்த விவாதத்தில் அதிகம் மறக்கப்படுபவர் துணைவர். நம் சூழலில் பெரும்பாலும் மனைவி. ‘நீ சரியாக இருந்தால் அவன் ஏன் வெளியே போகிறான்’ என்ற கேள்வி முதலில் அவர் மீதுதான் வீசப்படுகிறது. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நம்பி, மகனின் சிக்கலை மறைத்து ஒரு பெண்ணைக் கொண்டுவரும் குடும்பங்களும் உண்டு. அது அந்தப் பெண்ணுக்கு இழைக்கும் அநீதி. உண்மை தெரிந்த அதிர்ச்சியில் தூக்கத்தையும் நம்பிக்கையையும் இழந்து நிற்கும் மனைவிக்கும் தனியாக ஓர் ஆலோசகர் வேண்டும். கணவனின் செல்போனைச் சோதிக்கும் காவலாளி வேலையை அவர் தலையில் கட்டுவது சிகிச்சை ஆகாது. தொற்று குறித்த அச்சம் இருந்தால், அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், அங்கு போவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. கட்டாயமோ வன்முறையோ இருந்தால் 181 என்ற உதவி எண்ணும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் அவருக்கு இருக்கின்றன. இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது அவருக்கான தனி ஆலோசனைக்குப் பிறகுதான், அதுவும் அவர் விரும்பினால் மட்டும். கணவன் சிகிச்சைக்குப் போகிறான் என்பதற்காக மனைவி சேர்ந்து வாழ்ந்தே தீர வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது. உறவு மீள்வது நல்லது. பிரிவதே சரி என்று அவர் முடிவெடுத்தால் அதையும் மதிக்க வேண்டும்.

இயல்பான ஆசை உள்ளவர்களையும் பாலியல் சிறுபான்மையினரையும் நோயாளிகளாக முத்திரை குத்த இது வழிவகுக்காதா என்ற அச்சமும் உதறிவிடக் கூடியதல்ல. தன்பாலீர்ப்பை ‘மாற்றுகிறோம்’ என்று சொல்லிச் சிகிச்சையின் பெயரால் நடந்த கொடுமைகள் கொஞ்சமல்ல. அதைத் தடுக்க 2021-இல் உத்தரவிட்டது சென்னை உயர் நீதிமன்றம். மறுஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இந்த அச்சத்துக்கும் மருந்து தகுதியுள்ள நிபுணர்தான். பதினாறு வயதுப் பையனின் சுயஇன்பப் பழக்கத்தைக் கண்டு பதறும் பெற்றோரிடம் ‘இது நோய் அல்ல’ என்று சொல்லி அனுப்புவதும் அவர் கடமையே.

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. மனநலச் சிகிச்சை பெறும் உரிமையையும் அதன் ரகசியம் காக்கப்படும் உரிமையையும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஒவ்வொருவருக்கும் தந்திருக்கிறது. 14416 என்ற எண்ணில் தொலைபேசி வழி மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கிறது. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2014-இலேயே இணையம், செல்போன் ஆகியவற்றின் அளவுமீறிய பயன்பாட்டுக்குத் தனிப் பிரிவு தொடங்கியது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் இந்தக் கோளாறில் பயிற்சி தர வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரம் ஒருநாளாவது பாலியல், உறவுச் சிக்கல்களுக்கென ரகசியம் காக்கும் தனி நேரம் ஒதுக்க வேண்டும். சமரசம் செய்துவைப்பதிலேயே குறியாக இருக்கும் குடும்ப நீதிமன்ற ஆலோசகர்கள், இந்த அறிகுறிகளைக் கண்டால் மனநலப் பிரிவுக்கு அனுப்புவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் போலி விளம்பரங்கள் மீது வழக்குகள் பாய வேண்டும். குடும்பங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: சத்தியம் வாங்குவதற்குப் பதில் மருத்துவரிடம் தேதி வாங்குங்கள். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வதையும், அதில் தொடர்ந்து நிற்பதையும் வைத்தே அவர் திருந்துகிறாரா என்று எடைபோடுங்கள்.