சோங்கை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள்

வேட்டைத் துவக்கு ஒன்று குறி தவறத் தொடங்கினால், உரிமையாளரின் கை முதலில் போவது அதன் சோங்கை மாற்றுவதற்குத்தான். பெரும்பாலான வேளைகளில் கடைசியாக மாற்றப்பட வேண்டியதும் அதுவே என்பது எனது கருத்து. குழலையும் பொறியையும் தாங்கி, வேட்டைக்காரரின் தோளில் முட்டி நிற்கும் கட்டையையே எங்கள் ஊர் வழக்கில் சோங்கு என்போம். கண்ணுக்குத் தெரியும் பாகம் என்பதால் பழியும் அதன் மீதே முதலில் விழுகிறது.

இதை எழுதத் தூண்டியது ஒன்ராறியோவில் வாழும் வாசகர் ஒருவரின் மின்னஞ்சல். தொழிற்சாலை நண்பர்களுடன் ஆண்டுதோறும் நவம்பரில் மான் வேட்டைக்குச் செல்பவர் அவர். அவரது றைபிளின் சன்னங்கள் இலக்கெங்கும் சிதறுகின்றனவாம். கடைக்காரர் பார்த்துவிட்டு, மரச்சோங்கை எறிந்துவிட்டுப் புதிய செயற்கைச் சோங்கொன்றைப் பூட்டுங்கள் என்று சொன்னாராம். எதை வாங்குவது என்று என்னிடம் கேட்கிறார்.

துவக்கு என்ற சொல்லைக் கண்டதும் முகஞ்சுளிக்கும் வாசகர்கள் இருப்பார்கள். நாம் எங்கிருந்து வந்தோம் என்பதை அறிந்தவர் எவரும் அவர்களைக் குறைகூற மாட்டார். ஆயினும் உரிமத்துடனும் பருவகால ஒழுங்குகளுடனும் வேட்டை அனுமதிக்கப்பட்ட நாட்டில் ஒருவர் வேட்டைக்குப் போகிறாரென்றால், அவர் அந்த விலங்குக்குச் செய்ய வேண்டிய கடமை ஒன்றுண்டு. சுட்டால் அது துன்பமின்றி உடனே மடிய வேண்டும். வயிற்றிலோ தொடையிலோ காயம்பட்ட மான் இரண்டு நாள் காட்டில் கிடந்து சாவதற்குக் குறிதவறும் துவக்கே காரணமாகலாம். ஆகவே இதனைப் பொழுதுபோக்காளரின் கருவிப் பித்து என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில், கட்டைக்கும் குறிக்கும் என்ன தொடர்பு? சன்னம் குழலில் ஓடும் அந்தச் சிறு கணத்தில் குழல் அதிர்கிறது. ஒவ்வொரு வெடியிலும் ஒரே விதமாக அதிர்ந்தால் சன்னங்கள் ஒரே இடத்தை நாடும். மரமோ ஈரத்தை உறிஞ்சி வீங்கும், வரண்டால் சுருங்கும், சில வேளை முறுகும். நேற்றுக் குழலைத் தொடாதிருந்த முன்கட்டை, இன்று மழைக்குப் பின் அதன் ஒரு பக்கத்தை அழுத்தும். அழுத்தம் மாறினால் அதிர்வு மாறும், அதிர்வு மாறினால் குறியும் மாறும். அதேபோல, உதைப்பைத் தாங்கும் இரும்பு முளை கட்டையில் இறுக அமராவிட்டால், ஒவ்வொரு வெடிக்கும் பொறி சற்றே இடம்பெயரும்.

இது வெறும் ஏட்டறிவன்று. அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் 1966 இல், றெமிங்டன் 700 என்ற வேட்டை றைபிளை அடிப்படையாகக் கொண்ட எம்40 ஐக் குறிசூட்டுக்கெனத் தெரிந்தெடுத்தனர். அதன் சோங்கு அக்ரூட் மரத்தாலானது. வியட்நாமின் மழையிலும் புழுக்கத்திலும் அந்த மரம் வீங்கியது, முறுகியது. 1970களில் எம்40ஏ1 உருவானபோது மரம் கைவிடப்பட்டு மக்மிலன் நிறுவனத்தின் கண்ணாடியிழைச் சோங்கு பூட்டப்பட்டது. அமெரிக்கத் தரைப்படை 1988 இல் ஏற்ற எம்24 இலோ ஆரம்பத்திலிருந்தே செயற்கைச் சோங்கு. அதனுள் பொறி அமர்வதற்கென அலுமினியச் சட்டமொன்றும் வைக்கப்பட்டது. ஆகவே சோங்கு குற்றவாளியாகவே இருக்க முடியாது என்று நான் வாதிடவில்லை. குற்றம் நிரூபிக்கப்பட்ட பின் தண்டியுங்கள் என்பதே எனது வாதம்.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. இலங்கையில் பொலிஸ்காரரின் தோளில் தொங்கக் கண்டு நாம் வளர்ந்த .303 லீ என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்காம் இலக்க வகை, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரொறன்ரோவுக்கு மேற்கே ஒன்ராறியோ ஏரிக்கரையிலிருந்த லோங் பிராஞ்ச் ஆலையிலும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. கனடாவின் வடபுலத்தில் 1947 இலிருந்து பணியாற்றும் கனடிய றேஞ்சர்கள், 2018 இல் புதிய றைபிள்கள் வரத் தொடங்கும்வரை இதனையே ஏந்தினர். இதன் முன்கட்டை குழலை முற்றாக விட்டு விலகி நிற்பதில்லை. குழல்வாய்க்கு அருகே சில இறாத்தல் விசையுடன் அதனை மேல்நோக்கித் தாங்கி நிற்குமாறு திட்டமிட்டே பொருத்தப்பட்டது. போருக்குப் பின் மலிவாக விற்கப்பட்ட இத்துவக்குகளை வாங்கியோர், வேட்டைக்குப் பாரம் குறையட்டுமென்று முன்கட்டையை வெட்டி எறிந்தனர். தாங்கும் புள்ளி போனது, பலருக்கு அதனுடன் குறியும் போனது. குழலைக் கட்டை தொடுவதே குற்றம் என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். றெமிங்டன் 700 இன் பல மரச்சோங்குகளிலும் குழலை அழுத்தும் சிறு மேடு வேண்டுமென்றே விடப்பட்டிருந்தது. அழுத்தம் நிலையானதா, நாளுக்கு நாள் மாறுவதா என்பதே கேள்வி.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பத்திரிகைத் தொழிலில் எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட முதற்பாடம், முதலில் சொன்னவன் பேச்சை அச்சேற்றாதே, இன்னும் இருவரைக் கேள் என்பது. குறிதவறும் துவக்கையும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். செலவு குறைந்த சாட்சியிலிருந்து தொடங்குவதே முறை.

துவக்கில் ரவை இல்லை என்பதை இருமுறை உறுதிசெய்த பின், தொலைநோக்கியைத் தாங்கும் வளையங்களையும் அடித்தளத்தையும் ஆராயுங்கள். காரணமின்றிச் சிதறும் குறிகளில் எத்தனையோ, இங்கு தளர்ந்திருக்கும் ஓர் ஆணியால் வருபவை. அடுத்து, பொறியைக் கட்டையுடன் பிணைக்கும் ஆணிகள். வெறும் மரக்கட்டைக்கு ஏறத்தாழ 35 அங்குல இறாத்தல், அலுமினியத் தூணோ சட்டமோ உள்ள கட்டைக்கு ஏறத்தாழ 65 என்பது இத்துறையில் வழமையாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் துவக்கின் தயாரிப்பாளர் வேறு அளவு தந்திருந்தால் அதனையே பின்பற்றுங்கள். மரத்தில் அளவுக்கு மீறி இறுக்கினால் நார் நசுங்கும். பின்னர் குழலின் உள்ளே படிந்த செம்பையும் கரியையும் நீக்குங்கள். குழல்வாயின் விளிம்பில் வடு உண்டா என்று பாருங்கள். வேறு எடையுள்ள சன்னங்களைக் கொண்ட ரவைகளை வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரு குழலுக்குப் பிடித்த ரவை மற்றொன்றுக்குப் பிடிப்பதில்லை. கடைசியாக, உங்களைவிடத் தேர்ந்த ஒருவரிடம் துவக்கைக் கொடுத்துச் சுடச் சொல்லுங்கள். அவரிடம் அது ஒழுங்காகச் சுட்டால், பிழை சோங்கில் இல்லை. உதைப்புக்கு அஞ்சி வெடிக்கும் முன்பே நெளியும் தோளுக்கு எந்தக் கடையிலும் மாற்றுப்பாகம் கிடையாது.

சுடும்போது மூன்று வெடிகளை மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுத வேண்டாம். மூன்று சன்னங்கள் தற்செயலாக ஒன்றுசேரவும் செய்யும், தற்செயலாகப் பிரியவும் செய்யும். குழலை ஆறவிட்டு, ஐந்தைந்தாக மூன்று தடவையேனும் சுட்டால்தான் போக்குப் புலப்படும். குழல் சூடேறச் சூடேற ஓட்டைகள் ஒரே கோட்டில் மேலே ஏறினால், முன்கட்டை குழலை எங்கோ தள்ளுகிறது என்று சந்தேகிக்கலாம். இரண்டு தனித்தனிக் கூட்டங்களாக விழுந்தால், பொறி கட்டைக்குள் இரண்டு நிலைகளில் மாறிமாறி அமர்கிறது என்று ஊகிக்கலாம்.

இதன் பின்னரே சோங்கை விசாரணைக்கு அழைக்க வேண்டும். அதற்கும் எளிய சோதனைகள் இரண்டுண்டு. குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே ஒரு நாணயத்தாளை நுழைத்துப் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறது என்பது தெரியும். அடுத்து, குழலும் முன்கட்டையின் நுனியும் சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் ஆணியை மெல்லத் தளர்த்துங்கள். குழல் துள்ளி எழுவதை விரல் உணர்ந்தால், பொறி கட்டையில் நேராக அமரவில்லை, வளைந்தே கிடந்தது என்பது பொருள்.

அப்போதுகூடப் பழைய சோங்கை எறிய வேண்டிய அவசியம் பலருக்கு இராது. பொறி அமரும் இடத்தில் எப்பொக்சிப் பசையிட்டு அச்சுப்போல் பொருத்துவதும், ஆணித் துளைகளில் அலுமினியத் தூண்கள் நாட்டுவதும், குழல் கிடக்கும் வாய்க்காலைச் சற்று அகலமாக்கி உள்ளேயும் வார்னிஷ் பூசுவதும் துவக்குக் கம்மியர் ஒருவர் செய்யக்கூடிய வேலைகள். நல்ல புதிய சோங்கொன்றின் விலையைவிட இவற்றுக்கான கூலி பெரும்பாலும் குறைவு. வெளியே பளபளக்கும் பல மரச்சோங்குகளின் உட்புறம் பச்சை மரமாகவே விடப்பட்டிருக்கும். ஈரம் புகுவது அவ்வழியேதான்.

மரம் வெடித்திருந்தாலோ, திருத்தியும் முறுகினாலோ, ஆம், மாற்றுங்கள். அப்போது எதைத் தெரிவது?

மிக மலிவானது அச்சில் வார்த்த பிளாஸ்ரிக் சோங்கு. மழைக்கு அஞ்சாது. ஆனால் முன்கட்டை பல வேளைகளில் நெகிழும். தோல்வாரை இறுக்கியோ மரக்கிளையில் சாய்த்தோ சுட்டால் குழலைத் தொடும். மரத்தின் நோயை விலக்கி வேறொரு நோயை விலைகொடுத்து வாங்கியதாக முடியும். மெல்லிய மரத்தகடுகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த ஒட்டுப்பலகைச் சோங்கு பாரமானது, ஆனால் தனிமரத்தைவிட மிக உறுதியானது. பாரம் உதைப்பையும் தணிக்கும். கனடிய றேஞ்சர்களுக்கு இப்போது வழங்கப்படும் சி-19 றைபிளின் செந்நிறச் சோங்கும் ஒட்டுப்பலகையே. கையால் அடுக்கிச் செய்யும் கண்ணாடியிழை அல்லது கரியிழைச் சோங்கு இலேசானது, விறைப்பானது, விலையோ கூடியது. உள்ளே அலுமினியச் சட்டமுள்ள சோங்குகள் ஆணியைக் கழற்றிப் பூட்டினாலே போதும் என்று விற்கப்படுகின்றன. அவற்றிலும் பொறி முழுமையாகப் படிந்து அமர்கிறதா என்று பார்த்து, வேண்டுமாயின் மெல்லிய பசைப்பூச்சு இடுவது நல்லது.

ஒன்ராறியோவின் ஈர நவம்பரில், நடுத்தர வருமானமுள்ள ஒருவர் அதிகம் நடக்காமல் காத்திருந்து வேட்டையாடுபவராயின், ஒட்டுப்பலகையையே நான் பரிந்துரைப்பேன். மலையேறி வேட்டையாடுபவருக்கு நல்ல கண்ணாடியிழை தகும். இரண்டுக்கும் பணம் போதாதெனில், மலிவான பிளாஸ்ரிக்கைவிடத் திருத்திய பழைய மரமே மேல்.

அளவும் முக்கியம். விசையிலிருந்து சோங்கின் அடிவரை சுமார் 13½ அங்குலம் என்பது அமெரிக்கச் சந்தையின் பொது அளவு. எல்லாத் தோளுக்கும் அது பொருந்தாது. கோடையில் மெல்லிய சட்டையுடன் அளந்து வாங்கியது, தடித்த குளிரங்கி அணியும் நவம்பரில் நீளமாகிவிடும். கன்னம் படியும் மேடு தாழ்ந்திருந்தால் தொலைநோக்கிக்குத் தலையைத் தூக்க வேண்டி வரும். தூக்கிய தலை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்காது. பொறியின் நீளம், குழலின் தடிப்பு, ரவைப்பெட்டியின் அமைப்பு ஆகியவற்றுக்கு ஒத்ததா என்று பார்த்தே வாங்க வேண்டும். பூட்டிய பின் விசையும் பாதுகாப்புப் பூட்டும் எங்கும் உரசாமல் இயங்குகின்றனவா என்று சோதிப்பது கட்டாயம்.

இனி, அடிப்படையான கேள்விக்கு வருகிறேன். எவ்வளவு துல்லியம் வேண்டும்? வெள்ளைவால் மானின் நெஞ்சுப்பகுதியில் உயிர்நிலை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் அகலம். 100 யாரில் 2 அங்குல வட்டத்துள் சுடும் றைபிள், 200 யாரில் 4 அங்குலத்துள், அதாவது சுமார் 10 சென்ரிமீற்றருக்குள் சுடும். காட்டுக்குள் அதற்கு அப்பால் சுடாத வேட்டைக்காரருக்கு அது போதும். அரை அங்குல வட்டத்தைக் காட்டிப் பெருமையடிக்க ஆயிரம் டொலர் செலவிடுவது அவரது உரிமை. மானுக்கு அதனால் ஆவது ஏதுமில்லை.

ஆனால் இன்று ஓரிடம், மழை பெய்த மறுநாள் இன்னோரிடம் என்று குறியை நகர்த்தும் துவக்கு, ஒவ்வொரு நாளும் எவ்வளவு நெருக்கமாகச் சுட்டாலும் ஆபத்தானது. அதன் உரிமையாளர் அதனை நம்புகிறார் என்பதே அதிலுள்ள கொடுமை. பருமனாகச் சுட்டாலும் இடம் மாறாத துவக்கின் எல்லை தெரியும். அந்த எல்லைக்குள் நின்று சுடலாம்.

ஆகையால் அந்த வாசகருக்கு எனது பதில் இதுதான். ஆணிகளையும் ரவையையும் முதலில் விசாரியுங்கள், பிறகு கட்டையைத் திருத்துங்கள், இறுதியாகவே மாற்றுங்கள். எதைச் செய்தாலும், ஈரநாளிலும் வரண்டநாளிலும் சன்னங்கள் ஒரே இடத்தில் விழுவதைக் கண்ணால் காணும்வரை அந்தத் துவக்கைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். நண்பர்கள் அழைப்பார்கள், பருவமும் முடியப்போகும். ஒரு நவம்பரை இழப்பது உங்களுக்குச் சிறு நட்டம். காயத்துடன் பற்றைக்குள் மறையும் மானுக்கு அடுத்த நவம்பர் என்று ஒன்று இல்லை.