வலியை மறைப்பது வீரமா?

அடி அண்ணாமலையில் வாழும் நமக்குக் கால்களின் அருமையை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வரும் மக்கள் வெள்ளம் நம் ஊர் வழியாகத்தான் வெறுங்காலுடன் செல்கிறது. அருணாசலேசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலில் நடனக் கரணங்கள் சிற்பங்களாக நிற்கின்றன. அந்தக் கால்கள் கல்லால் ஆனவை. அவற்றுக்கு வலி இல்லை. பரதம் பயிலும் நம் கால்களோ அப்படிப்பட்டவை அல்ல.

சென்ற ஆண்டு விழாவுக்கான ஒத்திகையில், நம் தோழி ஒருத்தி சிமெண்ட் தரையில் குதித்து இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டது. சொன்னால் முன்வரிசை இடம் போய்விடும். நடன ஆடையின் வாடகைக்கு அம்மா கட்டிய பணமும் வீணாகும். எனவே சலங்கைக்கு அடியில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினாள். நம்மில் சிலருக்கு அது தெரியும். தெரிந்தும், "எவ்வளவு பொறுமை இவளுக்கு!" என்று பாராட்டினோமே தவிர, ஆசிரியையிடம் சொல்லவில்லை. வீட்டில் எண்ணெய் தடவி இழுத்து உருவிவிட்டார்கள். வீக்கம் இரு மடங்காயிற்று. விழாவன்று அவள் மேடைக்குக் கீழே அமர்ந்து நம் ஆட்டத்தைப் பார்த்தாள். அன்று நமக்குக் கிடைத்த கைதட்டல் இனிக்கவில்லை.

நடனமணி சுதா சந்திரனின் கதையை நாம் அனைவரும் அறிவோம். 1981-இல், ஏறக்குறைய நம் வயதில், தமிழ்நாட்டில் நேர்ந்த விபத்தில் அவர் காலில் அடிபட்டது. கணுக்காலில் இருந்த சிறு காயத்தைச் சரியாகத் துப்புரவு செய்யாமல் மாவுக்கட்டுப் போட்டதால் அது உள்ளே அழுகியது என்று அவரே கூறியுள்ளார். வலது காலை எடுக்க நேர்ந்தது. மருத்துவர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் காலைப் பொருத்திக்கொண்டு, 1984-இல் அவர் மீண்டும் மேடையேறினார். இக்கதையிலிருந்து மனவுறுதியைக் கற்றுக்கொள் என்று பெரியோர் சொல்கின்றனர். மெய்தான். ஆனால் சிறு காயத்தைச் சிறிதாக எண்ணாதே என்பதும் அதே கதையின் பாடமல்லவா?

"நரம்பு பிசகிவிட்டது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் நரம்பன்று. எலும்பை எலும்போடு பிணைப்பது பந்தகம். கணுக்கால் சுளுக்கில் இழுபடுவது பெரும்பாலும் இதுவே. தசையை எலும்போடு இணைப்பது தசைநாண். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண்தான் உடலிலேயே மிகப் பருமனானது. குதிப்பதும் தட்டுவதுமாக நாள்தோறும் அடவு பயிலும்போது அது ஓயாமல் உழைக்கிறது. ஆயினும் அதற்கு இரத்த ஓட்டம் குறைவு; புண்பட்டால் ஆற வாரங்களும் மாதங்களும் ஆகும். காலையில் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது குதிகால் விறைத்து வலித்தால், அதுவே எச்சரிக்கை மணி.

சுளுக்கு ஏற்பட்டவுடன் ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். மீள்கட்டுத் துணியால் இறுக்கமின்றிச் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். முதல் இரண்டு மூன்று நாள்களுக்குச் சூட்டு ஒத்தடமும் எண்ணெய் உருவலும் ஆகா. நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குதிகாலுக்கு மேலே 'பட்'டென்று ஓசை கேட்டு, நுனிக்காலில் எழ முடியாமற் போனால், தசைநாண் அறுந்திருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். படுத்திருப்பது மட்டும் சிகிச்சையாகாது. வலி தணிந்தபின், படிக்கட்டின் விளிம்பில் நின்று குதிகாலை மெல்லத் தாழ்த்துவது, ஒற்றைக் காலில் நிற்பது போன்ற பயிற்சிகளை மருத்துவர் சொற்படி செய்தால்தான் பழைய வலிமை திரும்பும்.

பெற்றோரே, மகள் நொண்டினால் அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் அடுத்த முறை மறைப்பாள். அன்புமிக்க சகோதரியரே, ஆசிரியைகளே, ஒத்திகைக்கு முன் பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொள்ள நேரம் தாருங்கள். சிமெண்ட் தரையில் குதிக்கும் நேரத்தைக் குறையுங்கள். அடிபட்டவளின் இடத்தை அவள் குணமாகும் வரை அவளுக்கே வைத்திருங்கள். தோழியரே, நாம் செய்யவேண்டியது ஒன்றுதான்: தோழியின் வலியைத் தெரிந்தும் வாய்மூடி இருக்கக் கூடாது.

உடல் இறைவன் தந்த கொடை. அதைக் காப்பது கோழைத்தனமன்று. இவ்வாண்டு விழாவில் நம் தோழி மீண்டும் ஆடுகிறாள். கால் வலித்தால் ஆசிரியையிடம் முதலில் சொல்பவள் இப்போது அவள்தான். அதையே நாம் வீரம் என்போம்.