பழைய வண்டியும் டீசல் கணக்கும்

பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூடத்தில் பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, இளைஞர் ஒருவர் பெருமையாக ஒரு சேதி சொன்னார். தம்முடைய பழைய ஸ்கார்ப்பியோவில் நாக்பூரிலிருந்து சேலம் போனதில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைத்ததாம். "எப்படித் தம்பி?" என்று கேட்டேன். "இறக்கம் வந்தா நியூட்ரல்ல தள்ளி எஞ்சினை அணைச்சிடுவேன் அங்கிள். தொப்பூர் கணவாய் முழுக்க ஓசிப் பயணம்தான்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பண்டிகை நாளில் எதற்கு உபதேசம் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நான் மெக்கானிக் அல்லன். ரயில்வே கணக்குப் பிரிவில் 32 ஆண்டுகள் குப்பை கொட்டியவன். ஆகவே எதையும் நோட்டில் எழுதி வைக்கும் வியாதி உண்டு. எங்கள் வண்டி 2009ஆம் வருடத்துப் போலெரோ, 2,523 சி.சி. டீசல் எஞ்சின். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கோவில்பட்டிக்கு அதில்தான் போவோம். வீட்டை விட்டு 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறினால் ஹைதராபாத், பெங்களூர், சேலம், மதுரை என்று அதே சாலை ஊர் வாசல் வரை கொண்டுபோய் விடும். ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர்.

வாங்கிய புதிதில் நெடுஞ்சாலையில் பன்னிரண்டரை கொடுத்த வண்டி, நாளடைவில் ஒன்பதரைக்கு இறங்கிவிட்டது. போக வர 3,200 கிலோமீட்டருக்கு, லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அன்றைய கணக்குக்கும் இன்றைய கணக்குக்கும் ஏழாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். "வித்துடுங்கப்பா" என்றான் மகன். 2024இல்தான் பதினைந்து வருடம் முடிந்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வரிசையில் நின்று, பதிவை ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தேன். விற்க மனம் வரவில்லை.

காந்தத்தில் ஆரம்பித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டீசல் குழாயில் மாட்டும் காந்தம் ஒன்றை 1,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மூன்று டேங்க் ஓட்டிப் பார்த்ததில் நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் படித்தேன்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. ஏதோ சிலவற்றில் மட்டும் மிகச் சொற்பமான பலன். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து எஞ்சினுக்கு ஊட்டும் கருவியும் இதே ரகம்தான். அதற்கு வேண்டிய மின்சாரத்தை ஆல்டர்னேட்டர் தர வேண்டும், ஆல்டர்னேட்டரை எஞ்சின் சுழற்ற வேண்டும், எஞ்சினுக்கோ டீசல் வேண்டும். கணக்குப் பிள்ளைக்கு இது புரியாமல் போனதே!

உண்மையான திருடனைப் பிடித்தது தற்செயலாக. ஒரு டிசம்பர் காலை ஆபீஸ் நண்பரை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது கவனித்தேன். முக்கால் மணி நேரம் ஓடியும் வெப்ப முள் அடியிலேயே கிடந்தது. பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே தெர்மோஸ்டாட் வால்வே இல்லை! எப்போதோ ஒரு கோடையில், "நாக்பூர் வெயிலுக்கு இது எதுக்கு சாப்?" என்று ஒரு மெக்கானிக் அதைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். நானும் தலையாட்டியிருப்பேன். தண்ணீர் 80 டிகிரிக்குச் சற்று மேல் சூடானால் அந்த வால்வு தானே திறந்துகொள்ளும். மே மாத வெயிலில் அது யாருக்கும் குறுக்கே நிற்பதில்லை. அது இல்லாவிட்டால்தான் எஞ்சின் குளிர்ந்தே ஓடி, எண்ணெய் கெட்டியாகவே இருந்து, டீசலைக் குடிக்கிறது. சில நூறு ரூபாய் வால்வு, ஒரு கேஸ்கெட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் திரும்பி வந்தது.

அடுத்தது டயர். டயர் மாற்றியபோது கம்பீரமாக இருக்கட்டும் என்று 215/75க்குப் பதில் 235/75 போட்டிருந்தேன். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. நூற்று நான்கு கிலோமீட்டர் ஓடினால் நூறு என்று காட்டும். ஆக, என் நோட்டில் இருந்த நஷ்டத்தில் நூற்றுக்கு நான்கு வெறும் எழுத்துப் பிழை! அடுத்த முறை பழைய அளவுக்கே திரும்பினேன். மைலேஜ் பார்க்கிறவர்கள் முள்ளை நம்பாதீர்கள். ஒரே பங்க்கில் டேங்க் நிரப்பி, ஓட்டி, மறுபடி அங்கேயே நிரப்பிக் கணக்கிடுங்கள்.

பிறகு மாடிக் கேரியர். இதில் என் சகதர்மிணிக்கும் எனக்கும் இரண்டு நாள் பேச்சு வார்த்தை நின்றது. "அப்புறம் ஊர்லேருந்து அரிசி, நல்லெண்ணெய், கருப்பட்டி எல்லாம் எதுல வரும்?" நியாயமான கேள்விதான். நாங்கள் இங்கு வந்த காலத்தில் இட்லி அரிசிக்கு நாயாய் அலைந்திருக்கிறோம். இன்று தெருக்கோடிக் கடையில் கிடைக்கிறது. இரண்டு வருடத்தில் பத்து நாள் சுமக்கும் சாமானுக்காக, மீதி நாளெல்லாம் வெறும் கேரியரைக் காற்றோடு மல்லுக்கட்ட விடுகிறோம். எண்பதில் போவதை விட நூறில் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேல். கேரியர் இருந்தால் அது இன்னும் கூடும். கழற்றினேன். கூடவே முன்னும் பின்னும் மாட்டியிருந்த இரும்புக் கம்பிகளையும். நடந்து போகிறவருக்கு அவை ஆபத்து என்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. மூன்றையும் எடை மெஷினில் வைத்தேன். 74 கிலோ! என் மாமனாரை ஏழு வருடமாக வண்டிக்கு வெளியே கட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

ஏர் ஃபில்டர், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பிரேக் இவையும் சரி செய்தாயிற்று. பிரேக்கை மட்டும் தேர்ந்த கையிடம் விட்டேன். இப்போது எண்பதைத் தாண்டாமல் ஓட்டினால் பன்னிரண்டு.

இனி அந்தத் தம்பிக்கு. கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் போவது தானே நின்றுவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது. நியூட்ரலில் ஓடவிட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் செலவு. எஞ்சினையே அணைத்தால்? பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் பம்ப் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங் கனத்துவிடும், சாவி ஒரு சுற்று கூடத் திரும்பினால் பூட்டியும் கொள்ளலாம். தொப்பூரில் லாரிகள் கவிழ்வதற்கு இந்த நியூட்ரல் வித்தை ஒரு முக்கியக் காரணம் என்று போலீசார் வருடக்கணக்காக எச்சரித்து வருகிறார்கள். தம்பி, அந்த இறக்கத்தில் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒரு டம்ளர் டீசல் கூட இருக்காது. பின் சீட்டில் உங்கள் அம்மாவும் குழந்தையும் இருந்தார்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

ஞாயிறு காலைகளில் நான் வீட்டில்தான் இருப்பேன். வண்டியைக் கொண்டு வாருங்கள். காற்று அளக்கும் கேஜ், ஸ்பானர் செட் எல்லாம் என்னிடம் இருக்கிறது. வெப்ப முள் எங்கே நிற்கிறது என்று வழியிலேயே பார்த்துக்கொண்டு வாருங்கள். கேரியரை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டாம். எங்களுடையது மொட்டை மாடியில் இருக்கிறது, அதன்மேல் வீட்டம்மா வடாம் காயப் போடுகிறார்.