தொழிலாளி என்றால் யார்? சட்டம் சொல்லும் பதிலைக் கவனிப்போம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு தோட்டத்தில் சங்கக் கிளைக் கூட்டம் முடிந்து, கோயில் பக்கத்துக் கொட்டகையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பால்வெட்டுக்குப் போகும் ஓர் அம்மாவின் மகள், கல்லூரியில் படிக்கும் பிள்ளை, கையில் நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றது. அமெரிக்க வரலாற்றுப் பாடமாம். அங்கே தொழிற்சாலைகள் பெருகிய காலத்திலிருந்து 1930களின் பெருமந்தம் வரை வழங்கிய முக்கியச் சொற்களுக்கு விளக்கம் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

"மாமா, மஞ்சள் நாய் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு. நாய்க்கும் ஒப்பந்தத்துக்கும் என்னா சம்பந்தம்?" என்று கேட்டது.

பக்கத்தில் நின்ற அம்மா சிரித்துவிட்டு, "வெள்ளைக்காரன் ஊருக் கதை. அதப் படிச்சு நமக்கு என்னா ஆவப் போவுது, தலைவரே?" என்றார்.

அன்றைக்கு அடுத்த தோட்டத்துக்கும் போக வேண்டியிருந்ததால், இந்தப் பகுதியில் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். மகளின் கேள்விக்கும் அம்மாவின் கேள்விக்கும் சேர்த்தே இன்று பதில் எழுதுகிறோம்.

முதலில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மலாயாவில் வெட்டிய பால்தான் அமெரிக்கக் கார்களுக்கு டயராகப் போனது. 1929இல் அந்த நாட்டின் பங்குச் சந்தை சரிந்து, கார் வாங்க ஆளில்லாமல் போனபோது, இங்கே ரப்பர் விலை அதலபாதாளத்துக்குப் போனது. 1930களின் தொடக்கத்தில் நம் தாத்தா பாட்டிமார் பல்லாயிரம் பேர், 'இனி வேலை இல்லை' என்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆக, அந்த ஊருக் கதை நம் லயத்து வாசல் வரை வந்த கதைதான்.

இனி சொற்களுக்கு வருவோம். அந்தப் பிள்ளையின் பட்டியலில் இருந்த முதல் சொல் 'கம்பெனி ஊர்'.

1880களில் ஜார்ஜ் புல்மேன் என்ற முதலாளி, சிக்காகோ நகருக்குத் தெற்கே, ரயில் படுக்கைப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையைச் சுற்றி ஓர் ஊரையே கட்டினார். வீடு, கடைக் கட்டிடம், தேவாலயம், நூல்நிலையம் எல்லாமே கம்பெனிச் சொத்து. பார்க்க அழகான ஊர். 1893இல் தொழில் படுத்தது. கம்பெனி சம்பளத்தை ஏறக்குறையக் கால்வாசி குறைத்தது. வீட்டு வாடகையில் மட்டும் ஒரு காசும் குறைக்கவில்லை. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டது. நியாயம் கேட்கப் போன குழுவில் இருந்த சிலருக்கு வேலை போனது. 1894 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. யூஜின் டெப்ஸ் தலைமையிலான ரயில்வே தொழிலாளர் சங்கம், 'புல்மேன் பெட்டி கோத்த எந்த ரயிலையும் தொடமாட்டோம்' என்று கூட நின்றது.

இங்கேதான் அடுத்த சொல் வருகிறது. 'தடை உத்தரவு.' மத்திய அரசு நீதிமன்றம் போய் வேலைநிறுத்தத்துக்குத் தடை வாங்கியது. ஜனாதிபதி கிளீவ்லண்ட் பட்டாளத்தை அனுப்பினார். தடையை மீறிய டெப்ஸுக்கு ஆறு மாதம் சிறை.

தோழர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தடைக்கு ஆதாரமாகக் காட்டப்பட்டவற்றில் ஒன்று 1890இல் வந்த ஷெர்மன் சட்டம். பெரும் முதலாளிகள் ஒன்றுகூடி வியாபாரத்தை முடக்குவதைத் தடுக்க வந்த சட்டம் அது. முதலாளிகளின் அந்தக் கூட்டுக்கு அங்கே 'டிரஸ்ட்' என்று பெயர். 'வியாபாரத்தை முடக்கும் கூட்டு' என்ற வார்த்தையைத் தொழிலாளர் சங்கத்தின் மேலும் போடலாம் என்று பிறகு கண்டுபிடித்துக்கொண்டார்கள். 1908இல் தொப்பித் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றமே அது செல்லும் என்றது. புலியைப் பிடிக்க வைத்த கூண்டில் ஆட்டைப் போட்டுப் பூட்டின கதைதான்!

'கதவடைப்பு' என்பது இன்னொரு சொல். 1892இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கார்னெகி கம்பெனி சங்கத்தோடு பேச மறுத்துக் கதவைப் பூட்டியது. கூலிக்கு வாங்கிய பிங்கர்டன் காவலர் 300 பேரை இரவோடு இரவாக ஆற்று வழியே கொண்டுவந்தது. ஜூலை 6ஆம் தேதி நடந்த சண்டையில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. சங்கம் நொறுங்கியது. நாட்டின் மிகப் பெரிய எஃகுக் கம்பெனி ஒரு சங்கத்தை ஒப்புக்கொள்ள 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'கம்பெனிச் சீட்டு' என்ற சொல்லைக் கேட்டால் நம் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். நிலக்கரிச் சுரங்க ஊர்களில் பல கம்பெனிகள் சம்பளத்தை ரொக்கமாகத் தராமல், தங்கள் கடையில் மட்டும் செல்லுகிற சீட்டாகத் தந்தன. கடையில் விலை அவர்கள் வைத்ததுதான். கொலராடோ சுரங்கத் தொழிலாளர் 1913இல் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இஷ்டப்பட்ட கடையில் சாமான் வாங்கும் உரிமை. அதைக் கேட்டதற்கும் வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். லட்லோ என்ற இடத்தில் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டுக் குளிர்காலத்தை ஓட்டினார்கள். 1914 ஏப்ரல் 20ஆம் தேதி மாநிலக் காவல்படை தாக்கியது. கூடாரங்கள் எரிந்தன. ஒரு கூடாரத்தின் அடியில் தோண்டிய குழிக்குள் ஒளிந்திருந்த 2 பெண்களும் 11 பிள்ளைகளும் மூச்சு முட்டிச் செத்தார்கள். ஒரு சொல்லுக்குப் பின்னால் இத்தனை பேர்.

சரி, பிள்ளை கேட்ட மஞ்சள் நாய்க்கு வருவோம்.

வேலை கேட்டுப் போகிறவனிடம் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். 'நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. இங்கே வேலை செய்யும் வரை சேரவும் மாட்டேன்' என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் நடையைக் கட்டலாம். தன் உரிமையைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு கிடப்பவனை, ஒன்றுக்கும் உதவாத மஞ்சள் நாய் என்று தொழிலாளர்கள் ஏளனம் செய்தார்கள். அந்தப் பெயரே ஒப்பந்தத்துக்கு ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தக் கையெழுத்தைப் போட்டவனை நாம் ஏசமாட்டோம். வீட்டில் உலை காயும்போது எந்தக் காகிதத்திலும் கை தானாகப் போகும். நம் தகப்பனார் ஒரு தோட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கைநாட்டு வைத்ததை நாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோம். படித்துக் காட்டச் சொன்னதற்கு, "வேல வேணுமா வேணாமா?" என்ற பதில்தான் வந்தது.

1917இல் உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பந்தம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. கையெழுத்துப் போட்டவர்களைச் சங்கத்தில் சேரும்படி அழைப்பதையே தடை செய்யலாம் என்றது. 15 ஆண்டுக்குப் பிறகு, 1932இல், நாரிஸ், லகார்டியா என்ற இரு மக்கள் பிரதிநிதிகள் கொண்டுவந்த சட்டம்தான், மத்திய நீதிமன்றங்கள் அதை ஏற்கக் கூடாது என்று முடிவு கட்டியது. வேலைநிறுத்தத் தடை உத்தரவுகளுக்கும் கடிவாளம் போட்டது.

அதற்குள் நாடு பெருமந்தத்தில் கிடந்தது. 1933இல் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. வீடு இழந்தவர்கள் பலகையும் தகரமும் பொறுக்கிக் கட்டிய குடிசைக் கூட்டத்துக்கு, ஜனாதிபதி ஹூவர் பெயரால் 'ஹூவர்வில்' என்று பெயர் வைத்தார்கள். போர்த்திக்கொண்ட பழைய பத்திரிகை 'ஹூவர் போர்வை'. வெளியே இழுத்துவிட்ட காலிப் பாக்கெட் 'ஹூவர் கொடி'. பசித்தவன் வாய்க்கு யார் பூட்டுப் போட முடியும்?

1933இல் ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்தார். அவர் திட்டத்துக்கு 'நியூ டீல்' என்று பெயர். சீட்டாட்டத்தில் சீட்டைக் கலைத்து மறுபடி போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1935 ஜூலையில் செனட்டர் வாக்னர் பெயரால் ஒரு சட்டம் வந்தது. தொழிலாளி சங்கம் சேரலாம், முதலாளி பழிவாங்கக் கூடாது, சங்கம் கூட்டாகப் பேரம் பேசலாம் என்றது. அதே ஆண்டு முதியோர் ஓய்வூதியச் சட்டம். 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், மணிக்கு 25 காசு. ஹோம்ஸ்டெட்டிலும் லட்லோவிலும் செத்தவர்கள் கேட்டது கடைசியில் சட்டப் புத்தகத்தில் ஏறியது என்று கை தட்டத் தோன்றுகிறதல்லவா?

கொஞ்சம் பொறுங்கள், தோழர்களே. சட்டத்தின் ஆரம்பத்தில் சொற்களுக்கு விளக்கம் கொடுக்கும் பகுதியைப் படியுங்கள். 'தொழிலாளி என்றால் யார்' என்று அங்கே எழுதியிருக்கிறது. அதிலேயே, விவசாய வேலை செய்பவரும் வீட்டு வேலை செய்பவரும் இதில் சேரமாட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறது. ஓய்வூதியச் சட்டத்திலும் அவர்களுக்கு இடமில்லை. கூலிச் சட்டத்திலும் இல்லை. பருத்திக் காட்டிலும், பழத் தோட்டத்திலும், பிறத்தியார் அடுப்படியிலும் உழைத்தவர்கள் ஒரே வரியில் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தென் மாநிலங்களில் கறுப்பினத் தொழிலாளரில் பெரும்பாலோர் செய்த வேலை இந்த இரண்டும்தான். அந்த மாநிலப் பிரதிநிதிகளின் ஓட்டு வேண்டியிருந்தது இதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் பலர் சொல்கிறார்கள்.

காட்டில் வேலை செய்கிறவன் ஆலையில் வேலை செய்கிறவனைவிட எந்த விதத்தில் குறைந்தவன்? அவனுக்கு மட்டும் வெயில் சுடாதா? பிள்ளைக்குப் பால் வேண்டாமா?

அந்த ஒரு வரியின் விலையைப் பாருங்கள். பெரிய பண்ணைகளின் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி கிடைக்க 1966ஆம் ஆண்டுத் திருத்தம் வர வேண்டியிருந்தது. 28 ஆண்டுகள்! ஒரு தலைமுறை வளர்ந்து, அதே காட்டில் வேலைக்கு இறங்கிவிட்டது. 1965இல் கலிபோர்னியாவின் டெலானோ பகுதியில் திராட்சைத் தோட்டத்துப் பிலிப்பினோ தொழிலாளர் லாரி இட்லியாங் தலைமையில் வேலையை நிறுத்தினார்கள். சில நாளில் சீசர் சாவேஸ் தலைமையில் மெக்சிக்கத் தொழிலாளரும் சேர்ந்தார்கள். இரண்டு இனத்தாரை மோதவிட்டுக் கூலியைக் குறைப்பது முதலாளிகளின் பழைய வித்தை. இந்த முறை அது பலிக்கவில்லை. ஐந்து ஆண்டு போராடி, 1970இல் ஒப்பந்தம் வாங்கினார்கள். 1975இல் கலிபோர்னியா தனிச் சட்டம் போட்டது. ஆனால் 1935ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் அந்த வரி இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே, அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்வது: அம்மா, பட்டியலில் உள்ள சொற்களோடு 'தொழிலாளி' என்ற சொல்லையும் சேர்த்து எழுது. மற்ற எல்லாச் சொல்லையும்விட அதற்குத்தான் விளக்கம் அதிகம் தேவை.

அதன் அம்மாவுக்கும் மற்ற தோழர்களுக்கும் சொல்வது: ஆபீசில் ஒரு காகிதத்தை நீட்டினால் சம்பளம் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். அதில் உங்களை என்ன பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தொழிலாளி என்றா, குத்தகைக்காரர் என்றா, தற்காலிக ஆள் என்றா? தோட்டத்தில் நீங்கள் பிடிப்பது அதே கத்திதான், சுமப்பது அதே வாளிதான். ஆனால் அந்தப் பெயரைப் பொறுத்தே எந்தச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும் என்பது முடிவாகும். படிக்கத் தெரியாவிட்டால் வெட்கம் வேண்டாம். "நாளைக்குப் போடுறேங்க" என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். படித்த பிள்ளைகள் இப்போது நம் லயத்திலேயே இருக்கிறார்கள். இல்லாவிட்டால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம்.

படித்த பிறகு கையெழுத்துப் போடுவோம்.