வலிப்பு மாத்திரை என்று ஒதுக்காதீர்கள்



சென்ற இதழில் முக நரம்பு வலி பற்றி எழுதியதற்கு நன்றி. என் அம்மாவுக்குப் பல் துலக்கினாலோ, முகத்தில் காற்றுப் பட்டாலோ கன்னத்தில் கரண்ட் அடித்ததுபோல வலி பாயும். பல்வலி என்று நல்ல பல்லைப் பிடுங்கியும் தீரவில்லை. பிறகு நரம்பியல் மருத்துவர் கார்பமசெபின் எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடையில், "இது வலிப்புக்குக் கொடுக்கறதாச்சே!" என்றதும் அம்மா பயந்துவிட்டார்.

1960களிலிருந்தே இந்த வலிக்கு இம்மருந்து தரப்படுகிறது. நரம்பில் தாறுமாறாக எழும் மின்தூண்டலை இது அடக்குகிறது; சாதாரண வலி மாத்திரை அதைச் செய்யாது. குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். தலைசுற்றல், தூக்கக் கலக்கம் வரலாம். ரத்தத்தில் சோடியம் குறையலாம். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

மருத்துவர் விளக்கிய பிறகே அம்மா மாத்திரையைத் தொட்டார். இப்போது வலிக்குப் பயப்படாமல் சோற்றை மென்று சாப்பிடுகிறார். மருந்துச் சீட்டு எழுதும்போதே ஏன், எதற்கு என்று மருத்துவர்கள் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மருந்துக்கடைக்காரர்களும் நோயாளியைக் கலவரப்படுத்தாமல், சந்தேகம் இருந்தால் மருத்துவரையே கேட்கச் சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகி, கும்பகோணம்