சும்மா நிக்கிறவர் வீண் இல்லை

1/
ராத்திரியிலிருந்து பட்டினி கிடந்த ஒரு அம்மா, மறுநாள் மதியம் ஆபரேஷன் நடக்காமலே வார்டுக்குத் திரும்பினாங்க. சர்ஜன் ரெடி, மயக்க டாக்டர் ரெடி, ரத்தம் ரெடி. ஸ்டெரிலைஸ் பண்ணின கருவி செட் மட்டும் வரலை. நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் நடந்தது.

2/
கார் தொழிற்சாலையில் இருக்கும் பள்ளி நண்பனிடம் புலம்பினேன். சிரிச்சான். "டேய், இது எங்க அசெம்பிளி லைன் கதைடா."

3/
அவன் சொன்ன கணக்கு: ஒரு அசெம்பிளிக்கு 10 பாகம் வேணும். ஒவ்வொண்ணும் 100க்கு 95 தடவை நேரத்துக்கு வருது. நல்ல சப்ளைதானே? ஒண்ணோட தாமதத்துக்கும் இன்னொண்ணுக்கும் சம்பந்தம் இல்லைன்னா, பத்தும் ஒரே நேரத்தில் இருக்க வாய்ப்பு சுமார் 60% தான். 0.95-ஐ பத்து தடவை பெருக்கிப் பாருங்க. மீதி 40 தடவை ஏதோ ஒண்ணுக்காக லைன் நிற்கும்.

4/
அந்த ஒண்ணு ஏன் லேட்டாகுது? இங்கேதான் வரிசைக் கோட்பாடு வருது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங், 1909ல் போன் அழைப்புகளுக்காக ஆரம்பிச்சு வைத்த கணிதம். லைனுக்குப் பாகம் கொண்டுவரும் ட்ராலிக்காரருக்கும் அது பொருந்தும்.

5/
ஆர்டர் வரும் நேரமும் அதை முடிக்க ஆகும் நேரமும் சீராக இல்லைன்னு வெச்சுக்குங்க. இதன் எளிய மாடலில், அவர் 80% நேரம் பிஸின்னா சராசரியா 4 ஆர்டர் தேங்கும். 90%ன்னா 9. 95%ன்னா 19! 80லிருந்து 95க்குப் போனதில் தேக்கம் கிட்டத்தட்ட 5 மடங்கு.

6/
ஆனா நிர்வாகம் கேட்கும் முதல் கேள்வி: "அந்த ஆள் ஏன் சும்மா நிக்கிறார்?" சார், அவர் அப்பப்போ சும்மா நிக்கிறதாலதான் லைன் ஓடுது.

7/
"அப்போ ஸ்டாக்கைக் குவிச்சு வெச்சா போதுமே?" கொஞ்சம் உதவும். ஆனா இடமும் பணமும் முடங்கும். அதைவிட மலிவான வழி, சீரின்மையைக் குறைப்பது. நண்பனோட லைனில் ட்ராலி டவுன் பஸ் மாதிரி குறிச்ச நேரத்துக்குச் சுற்றி வருமாம். ஒரு வண்டிக்கு வேண்டியதெல்லாம் ஒரே தட்டில் முன்கூட்டியே அடுக்கி, சரிபார்த்துதான் லைனுக்குப் போகுமாம்.

8/
நம்ம தியேட்டருக்கும் இதேதான் என் கருத்து. ஸ்டெரிலைசேஷன் பிரிவில் ஆளைக் குறைச்சு மிச்சம் பிடிக்கிற சம்பளத்தை, காத்து நிற்கும் தியேட்டரில் நாம தொலைக்கிறோம். முதல் நாள் சாயங்காலமே முழு செட்டும் வந்தாச்சான்னு பாருங்க. அதுக்கப்புறம் நோயாளியைப் பட்டினி போடுங்க.