சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது

இஸ்ரேல் - பாலஸ்தீன மோதலில் இரு தரப்புமே சர்வதேசச் சட்டத்தைத் துணைக்கு அழைக்கின்றன. ஒரு தரப்பு தற்காப்பு உரிமை என்கிறது. மறு தரப்பு சுயநிர்ணய உரிமை என்கிறது. இரண்டும் சட்டத்தில் இருப்பவைதான். இதைக் காட்டி, சட்டமே இங்கு குழம்பிக் கிடக்கிறது, யார் பக்கமும் எதுவும் சொல்ல முடியாது என்று பல அரசுகள் ஒதுங்கிக்கொள்கின்றன. இது வசதியான முடிவு. சரியான முடிவு அல்ல. இறுதி எல்லை எங்கே அமைவது, அகதிகள் எப்படித் திரும்புவது, ஜெருசலேம் யாருக்கு என்பவை பேச்சுவார்த்தையில் தீர வேண்டியவை. ஆனால், போரில் பிடித்த நிலத்தைச் சொந்தமாக்கலாமா, அங்கே தன் குடிமக்களைக் குடியேற்றலாமா, பொதுமக்களைக் கொல்லலாமா, பட்டினி போடலாமா, பிணைக்கைதிகளாகப் பிடித்துவைக்கலாமா என்ற கேள்விகளுக்குச் சட்டம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

பார்வை வேறுபாடு 1947இலேயே தொடங்குகிறது. ஐ.நா. பொதுச் சபை அந்த ஆண்டு நவம்பர் 29 அன்று, பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என இரண்டாகப் பிரிக்கப் பரிந்துரைக்கும் 181ஆவது தீர்மானத்தை நிறைவேற்றியது. 33 நாடுகள் ஆதரித்தன, 13 எதிர்த்தன, 10 விலகி நின்றன. எதிர்த்தவற்றில் இந்தியாவும் ஒன்று. யூதத் தலைமை பிரிவினையை ஏற்றது. அரபுத் தலைமை மறுத்தது. கையில் கிடைத்த சமரசத்தை உதறிவிட்டுப் போருக்குப் போனவர்கள் அதன் விளைவையும் ஏற்க வேண்டும் என்பது இஸ்ரேலின் வாதம். மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலத்தை, அங்கு வாழ்ந்த பெரும்பான்மையினரின் சம்மதம் இல்லாமல் எழுதிக்கொடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை என்பது பாலஸ்தீனர்களின் வாதம்.

1948 போரில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீனர்கள் ஊரை விட்டு ஓடினார்கள் அல்லது விரட்டப்பட்டார்கள். வீடு திரும்பி அமைதியாக வாழ விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் 194ஆவது தீர்மானம் கூறியது. பின்வந்த ஆண்டுகளில் அரபு நாடுகளிலிருந்து லட்சக்கணக்கான யூதர்கள் வெளியேற நேர்ந்ததை இஸ்ரேல் எதிர்க்கணக்காக வைக்கிறது. இரு தரப்பின் இழப்பும் உண்மை. எனினும், 1949 போர்நிறுத்தக் கோட்டுக்கு உள்ளே இருக்கும் இஸ்ரேல் அதே ஆண்டு மே மாதம் ஐ.நா. உறுப்பு நாடானது. அதன் இருப்பைச் சட்டம் இன்று கேள்விக்குள்ளாக்குவதில்லை. வழக்கு அந்தக் கோட்டுக்கு அப்பால்தான் இருக்கிறது.

1967 ஜூன் போரில் மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், காசா, சினாய், கோலான் குன்றுகள் ஆகியவை இஸ்ரேலின் கைக்கு வந்தன. போரின் மூலம் நிலம் பெறுவது ஏற்கத்தக்கதல்ல என்று நவம்பரில் பாதுகாப்பு அவையின் 242ஆவது தீர்மானம் வலியுறுத்தியது. பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேல் படைகள் வெளியேற வேண்டும் என்றது. அந்த வட்டாரத்தின் எல்லா நாடுகளும் பாதுகாப்பான எல்லைகளுக்குள் அமைதியாக வாழும் உரிமையையும் சேர்த்தே சொன்னது. ஆக்கிரமிக்கும் நாடு தன் குடிமக்களில் ஒரு பகுதியினரைக்கூட ஆக்கிரமித்த நிலத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது 1949ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆவது பிரிவு. இரண்டாம் உலகப் போரில் நாஜி ஜெர்மனி பிடித்த நாடுகளில் நடந்தவற்றிலிருந்து உலகம் கற்ற பாடம் அது. இஸ்ரேல் 1951இல் இந்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தது.

இந்தப் பிரிவு மேற்குக் கரைக்குப் பொருந்துமா என்று 1967 செப்டம்பரில் இஸ்ரேல் அரசே கேட்டது. பதில் எழுதியவர் இஸ்ரேல் வெளியுறவு அமைச்சகத்தின் சட்ட ஆலோசகர் தியோடர் மெரோன். போலந்தில் பிறந்து, சிறுவயதில் நாஜிகளின் உழைப்பு முகாமில் அடைபட்டு மீண்டவர் அவர். பிடித்த பகுதிகளில் பொதுமக்களைக் குடியேற்றுவது உடன்படிக்கையின் வெளிப்படையான விதிகளுக்கு முரணானது என்று அந்த ரகசியக் குறிப்பில் எழுதினார். குடியேறத்தான் வேண்டும் என்றால், தற்காலிக ராணுவ முகாமாக மட்டுமே அது அமையலாம் என்றும் சொன்னார். சில நாள்களில் மேற்குக் கரையின் முதல் குடியேற்றம் கஃபார் எட்ஸியோனில் எழுந்தது. வெளியுலகுக்கு அது ராணுவ முகாம் என்றே சொல்லப்பட்டது. மெரோன் பின்னாளில் முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான போர்க்குற்றத் தீர்ப்பாயத்தின் தலைவரானார். சட்டம் தெரியாமல் குடியேற்றங்கள் தொடங்கவில்லை. சட்டம் சொன்ன பதில் அரசின் கோப்பில் இருக்கும்போதே தொடங்கின. இன்று மேற்குக் கரையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட இஸ்ரேலியர்களும், கிழக்கு ஜெருசலேமில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரும் குடியேறியிருக்கிறார்கள்.

இஸ்ரேல் தரப்பின் சட்ட வாதத்தை அதன் வலுவான வடிவிலேயே எடைபோட வேண்டும். 1967க்கு முன் மேற்குக் கரையை வைத்திருந்த ஜோர்டானின் இணைப்பைப் பெரும்பாலான நாடுகள் ஏற்கவில்லை. எனவே, சட்டப்படியான உரிமையாளர் யாரிடமிருந்தும் அந்த நிலம் பறிக்கப்படவில்லை. அது ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் அல்ல, உரிமை தீராத நிலம் என்பது முதல் வாதம். பன்னாட்டுச் சங்கம் 1922இல் பிரிட்டனிடம் ஒப்படைத்த ஆட்சிப் பொறுப்பாணை, யூதக் குடியேற்றத்தை ஊக்குவிக்கச் சொன்னது. அந்த உரிமை காலாவதியாகவில்லை என்பது இரண்டாவது. தானாக விரும்பிச் சென்றவர்களை அரசு குடியேற்றியதாகக் கொள்ள முடியாது என்பது மூன்றாவது. முன்னாள் நீதிபதி எட்மண்ட் லெவி தலைமையில் இஸ்ரேல் அரசு அமைத்த குழு 2012இல் இந்த வாதங்களைத் தொகுத்து அறிக்கையாகவே தந்தது.

இவை எதுவும் நிற்கவில்லை. ஜெனீவா உடன்படிக்கை காப்பது அரசர்களின் பட்டாவை அல்ல. அந்நியப் படையின் கீழ் வாழும் மக்களை. முந்தைய ஆட்சியாளரின் உரிமை செல்லாது என்பதால் அம்மக்களின் பாதுகாப்பும் செல்லாமல் போய்விடாது. பொறுப்பாணையும் அங்கிருந்த பிற சமூகங்களின் உரிமைகளைக் கெடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. சாலை, மானியம், ராணுவக் காவல் எல்லாவற்றையும் அரசு கொடுத்துவிட்டு, மக்கள் தாங்களாகப் போனார்கள் என்பது பேச்சுக்குக்கூட நிற்காது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றமும் தன் தீர்ப்புகளில் மேற்குக் கரையை ராணுவ ஆக்கிரமிப்பில் உள்ள பகுதியாக வைத்தே வழக்குகளைத் தீர்த்துவந்திருக்கிறது.

1979ஆம் ஆண்டின் எலோன் மோரே வழக்கு இதற்கு நல்ல சான்று. நப்லுஸ் அருகே ருஜெய்ப் கிராமத்தாரின் நிலத்தைப் பாதுகாப்புத் தேவை என்று ராணுவம் கையகப்படுத்திக் குடியேற்றக்காரர்களிடம் கொடுத்தது. நில உரிமையாளர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த இடத்தால் பாதுகாப்புக்குப் பயன் ஒன்றுமில்லை என்று முன்னாள் தலைமைத் தளபதி ஹயிம் பார்-லெவ் பிரமாண வாக்குமூலம் அளித்தார். தாங்கள் வந்தது பாதுகாப்புக்காக அல்ல, இறைவன் வாக்களித்த மண் என்பதற்காக என்று குடியேற்றக்காரர்களே ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். நீதிமன்றம் ஆணையை ரத்துசெய்தது. ஆனால், 49ஆவது பிரிவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாமல் நழுவிவிட்டது. அந்த இடைவெளி அரசுக்குப் போதுமானதாக இருந்தது. 1858ஆம் ஆண்டின் ஒட்டோமான் நிலச் சட்டத்தைத் துணைகொண்டு நிலங்களை அரசுப் புறம்போக்காக அறிவித்துக் குடியேற்றம் தொடர்ந்தது. எலோன் மோரே குடியேற்றமும் வேறொரு குன்றுக்கு மாறியது.

ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி இருமுறை வந்தது. மேற்குக் கரைக்குள் எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர் சட்டவிரோதம் என்று 2004 ஜூலையில் 14-1 என்ற கணக்கில் அது கருத்துரைத்தது. தற்கொலைத் தாக்குதல்களைத் தடுக்கவே சுவர் என்பது இஸ்ரேலின் பதில். சுவர் எழுப்பலாம், அதைத் தன் மண்ணில் எழுப்ப வேண்டும் என்பதுதான் பிரச்சினை. 2024 ஜூலை 19 அன்று நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. குடியேற்றங்கள் மட்டுமல்ல, ஆக்கிரமிப்புப் பகுதியில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று 11-4 என்ற கணக்கில் கூறியது. பெரும்பான்மையில் இந்தியாவின் தல்வீர் பண்டாரியும் ஒருவர். மாறுபட்ட நீதிபதிகள் இஸ்ரேலின் பாதுகாப்பு அச்சங்களுக்கு உரிய இடம் தரப்படவில்லை என்று குறைகண்டார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. ஆனால், பாதுகாப்பு அச்சத்துக்குக் காவல் நிலைகள் பதிலாகலாம். பள்ளிக்கூடங்களும் திராட்சைத் தோட்டங்களும் கொண்ட குடியிருப்புகள் பதிலாகாது. நீதிமன்றத்தின் கருத்துரை நேரடியாக இஸ்ரேலைக் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. அதற்கு அடிப்படையான உடன்படிக்கைகள் கட்டுப்படுத்துகின்றன.

அடுத்தது போர் நடத்தும் விதம். ஆக்கிரமிப்பின் கீழ் உள்ள மக்களுக்குச் சுயநிர்ணய உரிமை உண்டு. அது எதையும் செய்துகொள்ளக் கொடுத்த உரிமம் அல்ல. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸும் பிற குழுக்களும் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்று, சுமார் 250 பேரைப் பிணைக்கைதிகளாக இழுத்துச் சென்றன. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். எந்த விடுதலைப் போராட்டத்தின் பெயராலும் இதை நியாயப்படுத்த முடியாது. ஊர்களின் மீது குறியில்லாமல் ராக்கெட் ஏவுவதும் குற்றமே. பதிலடி கொடுக்க இஸ்ரேலுக்கு இருந்த உரிமையும் இதே சட்டத்தின் வேலிக்குள் அடங்கியது. பொதுமக்களைப் படைவீரரிடமிருந்து பிரித்துப் பார்ப்பது, இலக்கின் மதிப்புக்கு மீறிய உயிரிழப்பைத் தவிர்ப்பது, பட்டினியை ஆயுதமாக்காமல் இருப்பது ஆகிய கடமைகள் எதிரி அவற்றை மீறியதால் நீங்கிவிடுவதில்லை. மக்களுக்கு நடுவே ஹமாஸ் ஒளிந்துகொண்டது குற்றம். அந்த மக்கள் அதனால் குற்றவாளிகளாகவில்லை. 2025 அக்டோபரில் போர் நிறுத்தம் வரும்முன் காசாவில் 60,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதாக அங்குள்ள சுகாதார அமைச்சகம் கணக்கிட்டது.

தென்னாப்பிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கில் இறுதித் தீர்ப்பு வரவில்லை. 2024 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றம் இடைக்கால உத்தரவுகள் பிறப்பித்தபோது, இஸ்ரேல் நியமித்த நீதிபதி அஹரோன் பராக், இனப்படுகொலைக் குற்றச்சாட்டை ஏற்காதபோதும், வெறுப்புத் தூண்டுதலைத் தடுக்கவும் நிவாரணப் பொருள்களை அனுமதிக்கவும் இடப்பட்ட உத்தரவுகளுக்கு ஆதரவாக வாக்களித்தார். ஹோலோகாஸ்டில் உயிர்தப்பியவர், இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் அவர். தென்னாப்பிரிக்கத் தமிழ் வம்சாவளியினரான நவி பிள்ளை தலைமையிலான ஐ.நா. விசாரணை ஆணையம், அக்டோபர் 7 தாக்குதலில் பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் போர்க்குற்றங்கள் புரிந்ததாக 2024இல் கூறியது. காசாவில் இஸ்ரேல் இனப்படுகொலை புரிந்ததாக 2025 செப்டம்பரில் கூறியது. இரண்டாவது முடிவை இஸ்ரேல் அடியோடு மறுக்கிறது. முதல் அறிக்கையைக் கைதட்டி வரவேற்று இரண்டாவதைக் கிழிப்பவர்களும், இரண்டாவதை ஏந்திக்கொண்டு முதலாவதை மறைப்பவர்களும் சட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் அல்லர்.

இதே பாரபட்சம் பெரிய நாடுகளிடம் இன்னும் அப்பட்டமாகத் தெரிகிறது. 2023 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ரஷ்ய அதிபர் புதினுக்குப் பிடியாணை பிறப்பித்தபோது வாஷிங்டன் அதை நியாயம் என்றது. 2024 நவம்பரில் அதே நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் யோவ் கல்லன்ட், ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃப் ஆகியோருக்குப் பிடியாணை பிறப்பித்த பிறகு, அந்த நீதிமன்றத்தின் அதிகாரிகள் மீதே அமெரிக்கா தடை விதித்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பது உலக நீதியாகிவிட்டது. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வீட்டோ இஸ்ரேலுக்குக் கேடயமாக நிற்கும்வரை தீர்மானங்கள் தாளில்தான் இருக்கும். இஸ்ரேல் மட்டும் ஐ.நா.வில் மிதமிஞ்சிக் குறிவைக்கப்படுகிறது என்ற புகாரிலும் உண்மை இருக்கிறது. அதற்கு மருந்து, பிற நாடுகளின் மீறல்களையும் இதே கண்டிப்புடன் விசாரிப்பதுதான்; இஸ்ரேல் மீதான விசாரணையைக் கைவிடுவது அல்ல.

இந்தியாவின் நிலை தடுமாற்றமாகவே இருக்கிறது. 1988இல் பாலஸ்தீன நாட்டை அங்கீகரித்த இந்தியா, 1992இல் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவு கொண்டது. இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை. ஆனால், 2023 அக்டோபரில் போர்நிறுத்தம் கோரிய பொதுச் சபைத் தீர்மானத்தில் விலகி நின்ற இந்தியா, டிசம்பரில் ஆதரித்தது, 2025 ஜூனில் மீண்டும் விலகியது, செப்டம்பரில் இரு நாடுகள் தீர்வுக்கான நியூயார்க் பிரகடனத்தை ஆதரித்தது. சர்வதேச நீதிமன்றத்தின் கருத்தை நடைமுறைப்படுத்தக் கோரி 2024 செப்டம்பரில் வந்த தீர்மானத்தை 124 நாடுகள் ஆதரித்தபோது, விலகி நின்ற 43 நாடுகளுள் இந்தியாவும் இருந்தது. சர்வதேசச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்கும் உணர்வை அரசு வளர்க்க வேண்டும் என்பது இந்திய அரசமைப்பின் 51ஆவது கூறு. இஸ்ரேலுடனான ராணுவத் தளவாட வணிகம் அதற்கு விதிவிலக்காக எழுதப்படவில்லை.

செய்ய வேண்டியவை தெளிவானவை. சட்டவிரோத நிலைமையை அங்கீகரிக்கவோ அதற்குத் துணைபோகவோ கூடாது என்பது சர்வதேச நீதிமன்றம் எல்லா நாடுகளுக்கும் சொன்ன கடமை. இந்தியா இஸ்ரேலுடனான வணிகத்தையும் குடியேற்றங்களுடனான வணிகத்தையும் வேறுபடுத்த வேண்டும். பொதுமக்கள் மீது பயன்படக்கூடிய ஆயுதங்களும் உதிரிப் பாகங்களும் இங்கிருந்து போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தை உறுதிசெய்யும் தீர்மானங்களில் விலகி நிற்பதை நிறுத்த வேண்டும். அக்டோபர் 7 குற்றவாளிகள் மீதான விசாரணையையும் அதே குரலில் கோர வேண்டும். எல்லையும் ஜெருசலேமும் அகதிகளும் பேச்சுவார்த்தை மேசையில் தீரட்டும். நிலப்பறிப்பும் பொதுமக்கள் கொலையும் அந்த மேசையில் பேரம்பேசும் சரக்காகக் கூடாது.